பங்காளி வீட்டுப் பச்சடி

சுருளிவேல் யாரையும் நம்பமாட்டார். பால்காரன் ஊற்றிய பாலைச் சொட்டு விட்டு நகத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார். பஸ்ஸில் டிக்கெட் வாங்கினால் பக்கத்து ஆளிடம் நீட்டி ஊர்ப்பெயர் சரியா என்று வாசிக்கச் சொல்வார். அந்த ஆள் வாசித்து முடித்ததும், அவன் ஒழுங்காகத்தான் வாசித்தானா என்று முன்சீட்டுக்காரனிடம் கேட்பார். கம்பத்துக்குத் தெற்கே திராட்சைத் தோட்டம் வைத்து எழுபது வயதைத் தாண்டிய மனுசன். வியாபாரி, புரோக்கர், மருந்துக்கடைக்காரன், ஆபீஸ்காரன் என்று வந்தவனெல்லாம் ஆளுக்கொரு வாய் கடித்துவிட்டுத்தான் போனான். அதனால் அவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது.

அந்த வருசம் பங்குனி கடைசியில், வேப்பம்பூவை அவரே கூட்டிப் பெருக்கிப் பொறுக்கினார். கிணற்றடி வேம்புக்குக் கீழே பழைய வேட்டியை விரித்து, உதிர்ந்ததை அள்ளி, காம்பு நீக்கிக் காயவைத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பொம்பளை வேலையைக் கிழவர் ஏன் செய்கிறார் என்றால், சித்திரை ஒண்ணு அன்றைக்கு மருமகள் “பூ இல்லை மாமா” என்று சாக்குச் சொல்லிவிடக் கூடாது. மாங்காயும் அவரே பறித்தார். மண்டவெல்லம் கடையிலிருந்து அவரே வாங்கி வந்தார். வருசப்பிறப்புப் பச்சடி இந்த வீட்டு அடுப்பில் கொதித்தே ஆகவேண்டும்.

காரணம் இருந்தது. ஐப்பசி மழையில் அவருடைய ஒரே மகன் ஈஸ்வரபாண்டி மலைக்குப் போனவன் திரும்பவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. ராத்திரி பெய்த மழையில் மேட்டு மண் மொத்தமும் இறங்கி, ஆட்கள் படுத்திருந்த லயத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மற்றவர்களை உயிரோடோ பிணமாகவோ எடுத்தார்கள். ஈஸ்வரபாண்டியை மட்டும் காணவில்லை. சில நாள் தேடினார்கள், மழை விடவில்லை, தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். சாவு விழுந்த வீட்டில் வருசம் திரும்புகிறவரை எந்த நல்ல நாளுக்கும் அடுப்பில் விசேசமாக எதுவும் ஏறாது. பொங்கலோ, சித்திரை ஒண்ணோ, பங்காளி வீட்டிலிருந்து ஆக்கிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை வாங்கித் தின்றால் சாவை அந்த வீடு ஒத்துக்கொண்டது என்று பொருள். தானே ஆக்கித் தின்றால், எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை என்று தெருவுக்கே சொன்ன மாதிரி.

தைப் பொங்கலுக்குச் சுருளிவேல் மருமகள் உமாதேவியை வாசலில் பானை வைக்கச் சொன்னார். அவள் வைத்தாள். பொங்கி வந்தபோது குலவை போடச் சொன்னார். அவள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. எதிர்வீட்டுப் பொம்பளைகள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். தலையில் பூ இல்லாமல் ஒரு நாள் அவள் கடைக்குப் போனபோது, “எம் மகன் உசுரோட இருக்கையில நீ ஏன் மூளியாத் திரியிற?” என்று தெருவில் வைத்தே கேட்டார். அதிலிருந்து தினமும் பூ வைத்தாள். வாடியது, காய்ந்தது, எது கிடைத்ததோ அது.

மாசியில் ஒரு நாள் மலையிலிருந்து போன் வந்தது. ஓடைக்குள் ஒரு உடம்பு கிடைத்திருக்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். சுருளிவேல் மருமகளிடம் சொல்லவில்லை. “திராட்சைக்குக் கம்பி வாங்கப் போறேன்” என்று சொல்லிவிட்டு, தம்பி ஒச்சாண்டியை மட்டும் கூட்டிக்கொண்டு குமுளி பஸ் ஏறினார்.

அங்கே போலீஸ் ஸ்டேஷனில் உடம்பு என்று சொல்லும்படியாக எதுவும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து அரைஞாண் கயிற்றை எடுத்து மேசையில் வைத்தார்கள். அதில் செம்புத் தாயத்து. ஈஸ்வரபாண்டிக்கு மஞ்சள்காமாலை வந்து பிழைத்த வருசம் சுருளிவேலே கட்டிவிட்டது போலத்தான் இருந்தது. கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கருப்புக் கயிற்றுக்கு நடுவே மெல்லிசாகப் பச்சை நூல் ஓடியது. அவர் கட்டியது முழுக் கருப்பு.

“இது எம் மகன் இல்ல” என்றார்.

“நல்லா நோக்கிட்டுப் பறயணும்” என்றார் எதிரே இருந்த மலையாளத்துப் போலீஸ்காரர்.

“நல்லாத்தான் பாத்தேன். வேற எவனோ.”

அப்படியென்றால் ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள், சோதித்தால் தெரிந்துவிடும் என்றார்கள். சுருளிவேல் எழுந்துவிட்டார். ரத்தத்தை எடுத்துக்கொள்வார்கள், ஆமாம் இவன்தான் என்று எழுதிக்கொள்வார்கள், அதோடு பைலை மூடுவார்கள். மண்ணுக்குள் தேடவேண்டிய வேலை அவர்களுக்கு மிச்சம். இந்தத் தந்திரம் தெரியாதா அவருக்கு? திரும்புகிற பஸ்ஸில் தம்பியிடம், “வீட்டுல யார்ட்டயாச்சும் வாயத் தொறந்த, நீ எனக்குத் தம்பியே இல்ல” என்றார். ஒச்சாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சித்திரை பிறப்பதற்கு முந்தின சாயங்காலம், தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியருகே ஒச்சாண்டி பெண்டாட்டி பாண்டீஸ்வரியும் உமாதேவியும் நின்று பேசியதைச் சுருளிவேல் பார்த்தார். பாண்டீஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பேசினாள். உமாதேவி குடத்தை இடுப்பில் வைத்தவள் வைத்தபடியே நின்றாள். வீட்டுக்கு வந்ததும் குடத்தை இறக்கினாள், சோறு போட்டாள், பாத்திரம் கழுவினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஏதோ திட்டம் போடுகிறார்கள். ஒச்சாண்டிக்கு இரண்டு ஆம்பளைப் பிள்ளைகள். ஈஸ்வரபாண்டி இல்லையென்று ஊர் ஒத்துக்கொண்டால் தோட்டம் யாருக்குப் போகும்? மருமகளுக்கோ சின்ன வயசு, பிள்ளையும் இல்லை. கடமலைக்குண்டிலிருந்து அவள் அண்ணன் வந்து, “எத்தன நாளைக்கு இப்பிடியே?” என்று முணுமுணுத்ததை அவர் கேட்காமலா இருந்தார்? ஆளுக்கொரு காரணம் வைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து அவர் மகனைப் புதைக்கப் பார்க்கிறார்கள். அப்படித்தான் நினைத்துக்கொண்டு படுத்தார்.

விடிந்தது. மலைக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புகளின் சத்தம் அன்றைக்கு இல்லை. வாசலில் கோலமும் இல்லை. அடுப்படியில் கேஸ் அடுப்பு துடைத்து வைத்தபடி இருந்தது. அவர் கொண்டுவந்து வைத்த மாங்காயும் வெல்லமும் பூவும் தட்டில் அப்படியே இருந்தன. உமாதேவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் பூ இல்லை.

“ஏ உமா, அடுப்பு ஏன் பத்தல?”

“நான் பத்தவைக்கல மாமா.”

“அதத்தான் ஏன்னு கேக்குறேன்.”

“சின்ன அத்தை பச்சடி கொண்டுவர்றாக. நான்தான் வரச் சொன்னேன்.”

“எவன் செத்தான்னு கொண்டுவர்றா?”

அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தியிருப்பார், அவள் அழுதிருப்பாள், பொங்கலுக்குப் பணிந்த மாதிரியே கடைசியில் பணிந்திருப்பாள். அவளோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுருளிவேல் தட்டைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். கேஸ் அடுப்பைத் தொட அவருக்குப் பயம். எந்நேரமும் வெடித்துவிடும் என்று நம்புகிறவர். கொல்லையில் வெந்நீர் போடுகிற கல்லடுப்பு இருந்தது. திராட்சைக் கொடியின் காய்ந்த கட்டைகளை வைத்துப் பற்றவைத்தார். மாங்காயைத் தோலோடு கண்டபடி வெட்டி வேகவைத்தார். வெல்லத்தைத் தட்டிப் போட்டார். மிளகாயைக் கிள்ளி, பூவைத் தனியாக வறுத்து, உப்போடு சேர்த்தார். பெண்டாட்டி செத்தபிறகு சில வருசம் மகனுக்கு ஆக்கிப்போட்ட கைதான். முழுக்க மறந்துபோகவில்லை. மாங்காயும் வெல்லமும் சேர்ந்து கொதிக்கிற மணம் கொல்லை தாண்டித் தெருவுக்குப் போயிற்று. போகட்டும் என்றுதான் அவரும் விசிறினார்.

வாசலில் ஆள் சத்தம் கேட்டது. கரண்டியோடு போனார்.

ஒச்சாண்டியும் பாண்டீஸ்வரியும் வாசற்படிக்குக் கீழே நின்றார்கள். பாண்டீஸ்வரி கையில் மூடிபோட்ட தூக்குச்சட்டி. சாவு வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரியே, பொட்டைக்கூட அழித்துவிட்டு வந்திருந்தாள்.

“ஏலே, எங்கன வந்த?” என்றார் சுருளிவேல்.

“மோந்து பாருண்ணே, தெரியும்.”

“எங்க வீட்டுலயும் கொதிக்குது. நீயும் மோந்து பாரு. ஒனக்கு வேணும்னா ஒரு கரண்டி ஊத்துறேன், குடிச்சிட்டுப் போ.”

“அண்ணே, சின்னப்பிள்ள வெளாட்டு வெளாடாத. நான் சொல்லிப்புட்டேன். மாசியில போனது, பாத்தது எல்லாத்தையும் இவகிட்டச் சொல்லிப்புட்டேன். இவ நேத்து உமாகிட்டச் சொல்லிப்புட்டா. எனக்கு ராத்திரி ஒறக்கமில்ல. கண்ண மூடுனா அந்தப் பையிதான் தெரியுது.”

“ஒறக்கம் எப்பிடி வரும்? தோட்டம் கண்ணுக்குள்ள ஆடுனா ஒறக்கம் வருமா?”

ஒச்சாண்டிக்கு முகம் சிவந்தது. “தோட்டமா? மருந்தடிச்சு மருந்தடிச்சு மண்புழுகூட எட்டிப்பாக்காத தோட்டம். அத நீயே கட்டிக்கிட்டு அழு. எம் பிள்ளைக திருப்பூர்ல பனியன் தச்சுப் பொழைக்கிறானுக. உன் தோட்டத்துக்கு ஒருத்தன் வரமாட்டான்.”

உமாதேவி உள்ளேயிருந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, அன்னைக்கு அவுக காட்டுனது அரைஞாணா?”

“எவனோட அரைஞாணோ.”

“தாயத்து இருந்துச்சா?”

“தாயத்துக் கட்டாதவன் யாரு இந்தச் சீமையில?”

“எப்பிடி அது அவரோடது இல்லன்னு சொன்னீக?”

சுருளிவேலுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. இத்தனை நாளும் அதைத்தான் நெஞ்சுக்குள் பிடித்துக்கொண்டு இருந்தார். நிமிர்ந்து நின்று சொன்னார்: “நான் கட்டுனது முழுக் கருப்பு. அதுல பச்ச நூல் ஓடுச்சு. எங்கண்ணு இன்னும் அவியல ஆத்தா. எவன் கயித்தையோ காட்டி என்னய ஏமாத்தப் பாத்தாக.”

உமாதேவி மெதுவாக அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வர நேரமாயிற்று. அதற்கு முன்னால் பேச்சுத்தான் வந்தது, யாரோ வேறு ஒருத்தி பேசுகிற மாதிரி.

“நீங்க கட்டுனது இத்துப்போச்சு மாமா. ஆடியில அறுந்துச்சு. நான்தான் மாத்திக் கட்டுனேன். கயிறு வலுவா இல்லன்னு எம் பச்சைச் சேலையில கரை நூல உருவி, உள்ள வச்சுத் திரிச்சேன். அவரு சிரிச்சாரு. சேலை கட்டிவிட்டுட்டியேன்னு கேலி பண்ணுனாரு.” நிறுத்தி மூச்சு வாங்கினாள். “வந்து எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல.”

பாண்டீஸ்வரி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். ஒச்சாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். சுருளிவேல் கரண்டியோடு நின்றார். கரண்டியிலிருந்து பச்சடி சொட்டி அவர் காலில் விழுந்தது, சூடாகத்தான் இருந்திருக்கும், அவர் காலை நகர்த்தவில்லை.

“இப்ப எங்கன வச்சிருக்காக?” உமாதேவி ஒச்சாண்டியைத்தான் கேட்டாள்.

“வைக்கல ஆத்தா. கேக்க ஆளில்லாத பொணம்னு அங்கனயே பொதைச்சுட்டாகளாம். ஜீப்புக்காரப் பய சொன்னான். மறுபடி எடுத்துத் தரணும்னா ரத்தம் ஒத்துப்போகணுமாம்.”

“என் ரத்தம்?”

“ஒன்னோடது ஆகாதாம். பெத்தவுகளோடது வேணுமாம்.”

உமாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தூக்குச்சட்டியை வாங்கினாள். மூடியைத் திறந்து, கையாலேயே ஒரு வாய் எடுத்துத் தின்றாள். இன்னொரு வாயும் தின்றாள். தெருவில் எதிர்வீட்டுப் பொம்பளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை யாரும் உள்ளே போகவில்லை. ஒருத்தி மட்டும் சத்தமில்லாமல் மாரில் அடித்துக்கொண்டாள்.

தின்று முடித்து, கையை நீட்டித் தூக்குச்சட்டியை மாமனாருக்கு முன்னால் வைத்தாள்.

“நீங்க சாப்பிட்டா ரத்தம் குடுக்க வருவீகன்னு எடுத்துக்கிறேன். எங்கிட்ட அவரு ரத்தம் இல்ல மாமா. உங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு.”

“குடுக்க மாட்டேன்” என்றார் சுருளிவேல். குரல் வேறு யாருடையதோ போலக் கம்மிப்போயிருந்தது. “பச்ச நூலு ஊரெல்லாம் இருக்கு. பச்சைச் சேலை நீ ஒருத்திதான் கட்டுனியா?”

அவர் சொன்னதை அவரே நம்பவில்லை என்பது நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. ஒச்சாண்டி, “அண்ணே, நாங்க பஸ்ஸப் பிடிச்சு மேல போயி எடத்தையாச்சும் பாத்துட்டு வர்றோம். இவ அங்க ஒரு தடவ அழுதுட்டு வரட்டும்” என்றான்.

“போங்க. எல்லாரும் போங்க. எம் மகன் வந்து கேட்டா, ஒம் பொண்டாட்டி ஒன்னயத் தின்னுட்டுப் போயிட்டான்னு சொல்லுறேன்.”

பாண்டீஸ்வரி திரும்பினாள். மூத்தாருக்கு முன்னால் ஒருநாளும் குரல் உயர்த்தாதவள். “தின்னது அவ இல்ல. ஆள் தெரிஞ்சும் அநாதையா மண்ணுக்குள்ள விட்டுட்டு வந்தது யாருன்னு தெருவே கேக்கும். நாங்க கேக்க மாட்டோம்” என்றாள்.

மூன்று பேரும் தெருவில் இறங்கிப் போனார்கள். உமாதேவி செருப்புப் போட மறந்துவிட்டாள். அவளுடைய செருப்பு வாசலில் கிடந்தது. சித்திரை வெயில் அப்போதே தார்ரோட்டைப் பிடித்திருக்கும். பாண்டீஸ்வரி பாதித் தெருவில் தன் செருப்பைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தது இங்கிருந்தே தெரிந்தது.

சுருளிவேல் கொல்லைக்கு வந்தார். பச்சடி கொதித்துச் சுண்டியிருந்தது. இறக்கி வைத்து ஆறவிட்டு ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். நன்றாக வந்திருந்தது. புளிப்பு, இனிப்பு, காரம், அடியில் பூவின் கசப்பு, எல்லாம் அளவாக, எது தூக்கல் எது குறைவு என்று சொல்லமுடியாதபடி. ஈஸ்வரபாண்டி இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லியிருப்பான். அந்த நினைப்பு வந்ததும் கை நின்றுவிட்டது. ‘இருந்திருந்தால்’ என்று அவர் இதுவரை ஒரு நாளும் நினைத்ததில்லை.

அரைஞாணை வெளிச்சத்தில் பிடித்தது கண்ணுக்கு வந்தது. பச்சை நூலைப் பார்த்ததும் அவருக்கு வந்தது சந்தேகம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்ததே என்றிருந்தது. அந்தப் போலீஸ்காரர் மேசைமேல் கையை வைத்துக்கொண்டு, இவர் சொல்வதற்காகப் பொறுமையாகத்தான் காத்திருந்தார். அவர் முகத்தில் தந்திரம் எதுவும் இல்லை. இதையெல்லாம் அன்றைக்கே பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் எழுந்து வந்தார்.

அடுப்பில் தீ இறங்கிக்கொண்டிருந்தது. வெட்டிய கொடிக்கட்டை கையெட்டும் தூரத்திலேயே கிடந்தது. அவர் எடுத்து வைக்கவில்லை. கங்கு சாம்பல் பூத்து, கொஞ்சம் புகைந்து, அதுவும் நின்றது. அதுவரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். தூக்குச்சட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. விளிம்பில் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. விரலால் தள்ளிவிட்டார். தெருவில் ஆள் இருந்தார்கள், பார்த்தார்கள். அவர் உள்ளே கொண்டுபோகவில்லை. உமாதேவி உட்கார்ந்த படியிலேயே உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கத் திறந்தார்.

பாண்டீஸ்வரிக்கு எந்தக் காலத்திலும் கை நிதானம் கிடையாது. வெல்லத்தை அள்ளிக் கொட்டியிருந்தாள், பூ இருக்கிற இடமே தெரியவில்லை. சுருளிவேல் ஒரு வாய் தின்றார். தின்றுவிட்டு, “அய்யா ஈஸ்வரா” என்று முதல்தடவையாக வாய்விட்டு அழுதார். எதிர்வீட்டுப் பொம்பளைகள் தெருவைத் தாண்டி வந்தார்கள். அவர் அழுதுகொண்டே மிச்சத்தையும் வழித்துத் தின்றார்.